காலையில் வெள்ளை வராத டிடிஎஃப் பிரிண்டர்: ராத்திரியில் என்ன நடக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. 7 மாதங்களுக்கு முன் 30 சென்டிமீட்டர் அகல டிடிஎஃப் பிரிண்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். டிடிஎஃப் என்றால் படத்தை ஃபிலிமில் அச்சடித்து, பசைப் பவுடர் தூவி அடுப்பில் உருக்கி, பிறகு பனியனில் சூட்டோடு அழுத்தி ஒட்டும் முறை. மையைத் தெளிக்கும் ஹெட், எக்ஸ்பி600 வகை, இரண்டு. ஒன்று கலருக்கு, மற்றது வெள்ளைக்கு. இளைஞர் மன்றம், பள்ளி விளையாட்டு விழா, கோயில் கொடை என்று பனியன் ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் காலையில் கடையைத் திறந்தால் வெள்ளையில் பாதி வருவதில்லை. ஹெட்டிலிருந்து மையை உறிஞ்சி அடைப்பெடுக்கும் கிளீனிங்கை நான்கைந்து முறை கொடுத்த பிறகே வேலை தொடங்குகிறது. திருப்பூரிலிருந்து மெக்கானிக் வந்து சேர நான்கு நாள் ஆகிறது. "அண்ணாச்சி, தினம், வாரம், மாதம் என்று என்னென்ன செய்ய வேண்டும்? ஓர் அட்டவணை எழுதித் தந்தால் சுவரில் ஒட்டிக்கொள்வேன்" என்கிறார். போகிற போக்கில் இரண்டு விஷயங்களையும் சொல்லியிருக்கிறார்: இடி மின்னலுக்குப் பயந்து இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார், வெயில் காலத்துக்காக இயந்திரத்துக்கு நேர் மேலே ஏசி மாட்டியிருக்கிறார்.

அட்டவணை எழுதுவது எளிது. இயந்திரத்தோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்திலேயே ஒன்று இருக்கும். யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். தம்பி உண்மையில் கேட்பது வேறு. மாலை ஏழு மணிக்கு ஒழுங்காக ஓடிய இயந்திரம் காலை ஒன்பது மணிக்கு ஏன் ஓடவில்லை? நடுவில் யாரும் அதைத் தொடவில்லை. அப்படியானால் ராத்திரியில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. பராமரிப்பு என்றதும் துடைப்பதும் கழுவுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த இயந்திரம் நம்மிடம் கேட்பவை இரண்டே இரண்டு: வெள்ளை மை அசைந்துகொண்டே இருக்க வேண்டும்; வேலை இல்லாத நேரத்தில் ஹெட்டின் முகம் காயாமல் மூடியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் எடுபிடி.

என்னைப் பற்றி ஒரு வரி. நாகர்கோவிலில் பல ஆண்டுகள் ஃப்ளெக்ஸ் அச்சடித்தவன். 2021 முதல் டிடிஎஃப். முதலில் தம்பி வைத்திருக்கும் அதே எக்ஸ்பி600 இரட்டை ஹெட், இப்போது ஐ3200 ஹெட் உள்ள 60 சென்டிமீட்டர் இயந்திரம். நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வகையில் கை அழுக்காகிக் கற்றது. ஹெட்டுக்கு உள்ளேயே மை சுழலும் வகை இயந்திரங்களை நான் ஓட்டியதில்லை. அதை வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் வெள்ளை ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். வெள்ளை மையில் உள்ள நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதான். நம் மாவட்டத்துக்கு அது அந்நியப் பொருளல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளிப் பிரிக்கும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட், ரூட்டைல் ஆகிய கனிமங்கள்தான் இந்த வெள்ளைக்கு மூலப்பொருள். கறுப்பு மணலிலிருந்து வெள்ளை வருகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகவே இருக்கிறது. அந்தக் கடற்கரையில் அலை திரும்பிப் போகும்போது பாருங்கள்: சாதாரண மணலை நீர் இழுத்துக்கொண்டு போகும், கறுப்பு மணல் மட்டும் கோடு கோடாகத் தங்கிவிடும். அதன் கனம் அப்படி. டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட ஏறத்தாழ 4 மடங்கு அடர்த்தி கொண்டது. அதை நீர் கலந்த மையில் மிதக்க வைத்திருக்கிறார்கள். கலக்குவதை நிறுத்தினால் அடியில் உட்காரத்தான் செய்யும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளின் நிறமிகள் இவ்வளவு கனமில்லை. அதனால்தான் கலர் ஹெட் காலையில் சமர்த்தாக இருக்க, வெள்ளை ஹெட் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

இதற்காகவே வெள்ளை மைத் தொட்டியில் கலக்கும் மோட்டாரும், குழாய் வழியாக மையைச் சுற்றிவிடும் சிறிய பம்பும் வைத்திருக்கிறார்கள். அவை பகலுக்கு மட்டுமல்ல, இரவுக்கும் சேர்த்துத்தான். தம்பி மெயினை அணைக்கும் நொடியில் அவையும் நின்றுவிடுகின்றன. பதின்மூன்று பதினான்கு மணி நேரம் மை அசையாமல் கிடக்கிறது. அவருடைய காலைத் தலைவலியில் பெரும்பங்கு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக மெயினை அணைக்காதீர்கள் என்று சொல்லவும் மாட்டேன். ஐப்பசியிலும் கோடை மழையிலும் மாலை நேரத்து இடி நம் ஊரில் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மின்னலில் போர்டு போனவர்கள் உண்டு. வழி இருக்கிறது. பிரிண்டரை அதன் சொந்த சுவிட்சில் அணைத்துவிட்டு, வெள்ளைத் தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய அதிர்வு தெரிந்தால் கலக்கும் மோட்டாருக்குத் தனி மின்வழி இருக்கிறது என்று பொருள். தெரியாவிட்டால், நல்ல எலக்ட்ரீசியனைக் கொண்டு மோட்டாருக்கும் பம்புக்கும் தனி அடாப்டர் போட்டு, கடையில் இருக்கும் இன்வெர்ட்டரில் சேருங்கள். இன்வெர்ட்டருக்கு அது ஒரு மின்விசிறி அளவுச் சுமைகூட இல்லை. மின்னல் அடிக்கும் இரவில் இன்வெர்ட்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடலாம், பேட்டரியிலேயே ஓடும்.

அது நடக்கும்வரை காலை முறையை மாற்றுங்கள். கடையைத் திறந்ததும் முதல் வேலை கிளீனிங் பட்டன் அல்ல. தொட்டியின் மூடியைத் திறந்து, சுத்தமான பிளாஸ்டிக் குச்சியால் அடிவரை விட்டு மெதுவாகக் கிளறுங்கள். குச்சியின் நுனியில் தயிர் போல ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால், அது நேற்று ஒரு ராத்திரியில் சேர்ந்ததல்ல, பல நாள் வண்டல். நுரை எழும்படி ஆட்டாதீர்கள்; நுரை என்றால் காற்று, காற்று குழாய்க்குள் போனால் அது வேறொரு தலைவலி. பிறகு 15 அல்லது 20 நிமிடம் பம்ப் ஓடட்டும். அந்த நேரத்தில் கடையைப் பெருக்குங்கள், தேநீர் குடியுங்கள். அதற்குப் பிறகே நாசில் செக், அதாவது எல்லாத் துளையும் மை விடுகிறதா என்று கோடுகள் அடித்துப் பார்ப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பம்ப் சுற்றிவிடும் மை பெரும்பாலான இயந்திரங்களில் டேம்பர் வரைக்கும்தான் வருகிறது; குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே வடிகட்டியோடு இருக்கும் சின்னப் பெட்டிதான் டேம்பர். ஹெட்டுக்குள் இருக்கும் மை அப்படியே கிடக்கும். அதை வெளியேற்றும் ஒரே வழி அச்சடிப்பதுதான். அதனால் ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு கையளவு வெள்ளைப் பட்டை அடித்துவிடுங்கள். அதில் செலவாகும் மை, ஒரு கிளீனிங்கில் கழிவுக் குப்பிக்குப் போவதைவிடக் குறைவு.

நாசில் செக்கை அடிக்கிறோம், ஆனால் படிக்கிறோமா? வெள்ளைக் கோடுகள் ஃபிலிமில் கண்ணுக்குத் தெரிவதே கடினம். ஒரு கறுப்பு பனியனை விரித்து அதன்மேல் வைத்துப் பாருங்கள், விட்டுப்போன கோடு பளிச்சென்று தெரியும். உங்கள் ஹெட்டில் ஆறு வரிசை, வரிசைக்கு 180 துளை. ஒவ்வொன்றும் தலைமுடியின் கனத்தைவிடச் சிறியது. அடுத்தடுத்து இரண்டு முறை செக் அடியுங்கள். விட்டுப்போன இடம் இரண்டிலும் அதே இடமாக இருந்தால் அங்கே அடைப்பு, அல்லது அந்தத் துளை போய்விட்டது. முதலில் இங்கே, அடுத்ததில் அங்கே என்று இடம் மாறினால் அடைப்பு அல்ல. காற்று புகுந்திருக்கிறது, அல்லது மை போதிய அளவு வந்து சேரவில்லை. செக் சுத்தமாக வந்து, பெரிய படம் அடிக்கும்போது பாதியில் வெள்ளை மங்கிப்போனால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள். டேம்பரின் வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாய் எங்காவது மடிந்திருக்கலாம், தொட்டியில் மை இறங்கியிருக்கலாம். அடைப்புக்குக் கிளீனிங் உதவலாம். காற்றுக்கு அரை மணி நேரம் சும்மா விட்டாலே சில நேரம் சரியாகிவிடும். மை வரத்துக் குறைவுக்குக் கிளீனிங் எந்த விதத்திலும் உதவாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள்தான் மாதத்தில் ஒரு லிட்டர் வெள்ளையைக் கழிவுக் குப்பிக்கு வார்க்கிறார்கள்.

என்னிடம் கோடு போடாத ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, தாள் கறுப்பு. தினமும் காலை அடிக்கும் செக்கைச் சிறு துண்டாக வெட்டி, தேதி போட்டு ஒட்டிவைக்கிறேன். அதே இடத்தில் மூன்று வாரமாக ஒரே ஒரு கோடு மட்டும் விட்டுப்போயிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடலாம். ஒரு வாரத்தில் மூன்று கோடு, எட்டு கோடு, இருபது கோடு என்று ஏறினால் ஏதோ நெருங்கி வருகிறது. மெக்கானிக்கிடம் தொலைபேசியில் பேசும்போதும் இந்த நோட்டுதான் உதவும். "சரியாக வரவில்லை" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "புதன்கிழமை முதல் நான்காம் வரிசையின் மேல்பாதி இல்லை" என்றால் அங்கிருந்தே பாதி வழி சொல்லிவிடுவார்.

கிளீனிங்குக்கு நான் வைத்திருக்கும் அளவு மூன்று. முதலில் ஒரு லேசான கிளீனிங், பத்து நிமிடம் பொறுத்து செக். பிறகு இன்னொன்று. தேவையானால் மூன்றாவது. மூன்றிலும் மாற்றமில்லை என்றால் நான்காவதில் மாறாது. பட்டனை விட்டுவிட்டு, கேப்பை, அதாவது ஹெட்டின் முகத்தை மூடும் ரப்பர் மூடியைப் பார்க்கப் போக வேண்டும். கிளீனிங்கின்போது கேப் ஹெட்டின்மேல் ஒட்டி நின்று, கீழிருந்து பம்ப் உறிஞ்சும். கேப் சரியாக ஒட்டவில்லை என்றால் பம்ப் மையை உறிஞ்சாது, பக்கத்துக் காற்றைத்தான் உறிஞ்சும். அப்போது நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கிளீனிங்கும் ஹெட்டுக்கு நன்மை செய்வதற்குப் பதிலாகத் துளைகளில் காற்றை ஏற்றிவிடலாம். தம்பிக்கு நான்கைந்து தேவைப்படுகிறது என்பதைப் படித்ததும் என் சந்தேகம் வண்டலுக்கு அடுத்தபடியாகக் கேப்பின்மேல்தான் போனது. ஏழு மாதமாக அதே கேப் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. ஹெட்டை நகர்த்திவிட்டு, கேப்பின் குழியில் கிளீனிங் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ரப்பரின் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்புங்கள். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து நில்லுங்கள். திரவம் அப்படியே நின்றால் கீழே கசிவில்லை. தானாக இறங்கிப்போனால் கேப்பிலோ அதன் அடிக்குழாயிலோ பம்பிலோ ஒழுக்கு இருக்கிறது. அந்த ஒழுக்கு வழியாகத்தான் இரவு முழுவதும் ஹெட் காய்கிறது. அடுத்து, மென்பொருளில் பம்பை ஓட்டுங்கள். ஒரு சில நொடிகளில் குழி காலியாக வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. மூன்றாவதாக, ரப்பரின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய கேப்பின் உதடு மெத்தென்று இருக்கும், விரலால் தொட்டால் குழைந்து நிமிரும். பழையதில் உலர்ந்த மை பொருக்குப் பொருக்காகப் படிந்திருக்கும், அதன்மேல் பவுடர் தூசியும் சேர்ந்திருக்கும். அரிசிக் குருணை அளவுப் பொருக்கு ஒன்று போதும், மூடி மூடியாக இருக்காது. பஞ்சு உதிராத துடைப்பான் குச்சியைத் திரவத்தில் நனைத்து, விளிம்பைச் சுற்றித் தினமும் மாலையில் துடைத்துவிடுங்கள். கூடவே ஹெட்டின் முகத்தை வழித்துவிடும் வைப்பர் ரப்பரையும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று நிமிடம் ஆகாது. நான் பார்த்தவரை, மற்ற எல்லா வேலைகளையும் மறந்தாலும் இந்த மூன்று நிமிடத்தை மறக்காதவர்களின் ஹெட் நீடித்து உழைக்கிறது.

துடைத்தபின் குழியில் சில சொட்டுத் திரவம் விட்டு, பிரிண்டரை அதன் சுவிட்சிலேயே அணையுங்கள். அப்போதுதான் ஹெட் கேப்பின்மேல் போய் உட்காரும். ஓடும்போதே மெயினை இழுத்துவிட்டால் ஹெட் எங்கே நின்றதோ அங்கேயே திறந்த முகத்தோடு நிற்கும். மின்வெட்டிலும் இதே ஆபத்துதான். பிரிண்டரும் கணினியும் மட்டும் பத்து நிமிடம் தாங்கும் அளவுக்கு ஒரு யுபிஎஸ் வையுங்கள். சூடாக்கும் அடுப்பை அதில் சேர்க்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரத்தை எந்தச் சின்ன யுபிஎஸ்சும் தாங்காது.

காய்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டில் வழியும் பால் உறைந்து ஒட்டுப்பால் ஆகிவிட்டால் அதை மறுபடி பாலாக்க முடியுமா? இந்த மையிலும் துணியில் ஒட்டிப் பிடிப்பதற்கான பிசின் கலந்திருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரோடு போகும்; காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு மசியாது. அப்போதுதான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வருவார்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் என்பார் ஒருவர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்பார் இன்னொருவர். ஆல்கஹால் சில மைகளோடு சேர்ந்தால் நிறமியைத் திரளவைத்துவிடும்; அடைப்பை எடுக்கப் போய் புது அடைப்பு. மை வாங்கிய இடத்திலேயே அதே மைக்கான கிளீனிங் திரவத்தை வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ஹெட்டின் முகத்தைத் துணியால் தேய்க்கவும் கூடாது. மை ஒட்டாமலிருக்க அங்கே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, அது கீறினால் திரும்ப வராது. முகத்தைச் சுற்றியுள்ள உலோக ஓரங்களை மட்டும் குச்சியால் துடைக்கலாம்.

இதில் நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கடையை அடைத்துவிட்டு ஐந்து நாள் கழித்து வந்தேன். மெயின் அணைத்திருந்தது. வெள்ளையில் மூன்று வரிசை அறவே இல்லை. புத்தாண்டுக்குத் தர வேண்டிய ஆர்டர் கழுத்தில் நின்றது. சிரிஞ்சில் கிளீனிங் திரவத்தை எடுத்து, டேம்பரைக் கழற்றி, ஹெட்டின் முனையில் மாட்டித் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் தள்ளினேன். கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ மளுக்கென்று விட்டுக்கொடுத்தது போல இருந்தது. திரவம் சுலபமாக ஓடியது. அடைப்பு விட்டது என்று மகிழ்ந்தது ஒரு நிமிடம்தான். ஒரு முனையில் விட்ட திரவம் பக்கத்து வரிசையின் துளைகளிலும் வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த மெல்லிய சுவர் கிழிந்திருக்கிறது. ஹெட் போயே போய்விட்டது. சிரிஞ்சைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. திரவத்தைத் தானாக இறங்க விடுங்கள், அல்லது பூப்போல ஒரு விரலால் தொடும் அழுத்தம். எதிர்த்து நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கேப்பில் திரவம் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுவது பாதுகாப்பானது. சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுப்பதும் அப்படித்தான்: பிழைத்த ஹெட்டையும் பார்த்திருக்கிறேன், செத்ததையும் பார்த்திருக்கிறேன். எப்படியும் போய்விட்டது என்று கைவிட்ட ஹெட்டுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

இனி ஏசி. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பது 20 முதல் 30 டிகிரிக்குள் வெப்பமும், 40 முதல் 60 அல்லது 70 சதவீதம் வரை ஈரப்பதமும். நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் இங்கே ஹெட் காயாது என்று பலர் நினைக்கிறார்கள். ஏசி ஓடும் மூடிய அறையில் கதை மாறிவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வெளியே சொட்டவிடும் இயந்திரம்; அதன் காற்று நேராக ஹெட்டின் பாதையில் விழுந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே துளைகளின் நுனி காயும். ஏசியைக் கழற்ற வேண்டாம், காற்றின் திசையைத் திருப்புங்கள். மேலே சுற்றும் மின்விசிறியையும் அச்சு ஓடும்போது நிறுத்திவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சுவரில், வாசலில் அல்ல, பக்கத்தில். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கதவு வழியாகப் புழுதியையும் கொண்டுவந்து ஹெட் ஓடும் தண்டவாளத்தில் கொட்டும். அங்கே கதவு இரட்டையாக இருப்பது நல்லது. குளச்சல், முட்டம் கடலோரத்தில் உப்புக்காற்று. இரும்புத் தண்டும் திருகுகளும் துருவேறும். எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

ஈரம் கூடினால் ஹெட்டுக்குப் பெரிய கேடில்லை, ஆனால் பவுடர் கெடும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகும். படம் இல்லாத இடத்திலும் ஒட்டி, பனியனில் வெள்ளைத் துகளாகத் தெரியும். பலர் இதை மை கோளாறு என்று நினைத்து மையை மாற்றுகிறார்கள். ஃபிலிமில் பவுடரை உதறும் தொட்டியிலேயே அதை இரவில் விடாதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஃபிலிம் சுருளையும் உறையில் போட்டுவிடுங்கள். பவுடர் பறக்கும் இடமும் பிரிண்டரும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடுப்பிலிருந்து வரும் புகையை வெளியேற்றும் குழாய் இல்லாத கடைகள் நிறைய இருக்கின்றன. அது உங்கள் மூச்சுக்கான பராமரிப்பு. முகக்கவசமும் ஜன்னலும் கட்டாயம்.

வார வேலைகளை ஓடி முடித்துவிடலாம். கழிவுக் குப்பியைக் காலி செய்யுங்கள்; நிரம்பினால் மை திரும்பி ஏறும். ஃபிலிம் இழுக்கும் உருளைகளில் பவுடர் இருந்தால் துடையுங்கள். ஃபிலிமைப் பிடித்துவைக்கும் உறிஞ்சு பலகையின் துளைகளைத் தூசி நீக்குங்கள். ஹெட்டைச் சுமக்கும் வண்டி ஓடும் பாதையில் நீளமாகத் தெரியும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை, அதாவது என்கோடர், அதில் மை தெறித்தால் வண்டி தன் இடம் தெரியாமல் பக்கச் சுவரில் முட்டும். பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முறை இழுத்தால் போதும்; ஆல்கஹால் அதன் கோடுகளையே அழித்துவிடலாம். தண்டவாளத்தில் பழைய எண்ணெயைத் துடைத்த பிறகே புதியது ஒரு சொட்டு.

டேம்பரை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு. நான் வெள்ளைக்கு மூன்று மாதம், கலருக்கு ஆறு மாதம், கேப்புக்கு நான்கு மாதம் வைத்திருக்கிறேன். இது என் கடையின் ஓட்டத்துக்கான கணக்கு, வேதவாக்கல்ல. குறைவாக ஓடும் இயந்திரத்தில் நீடிக்கும் என்று தோன்றும்; வெள்ளை விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ், ஓடாத இயந்திரத்தில்தான் சீக்கிரம் அடைக்கிறது. மை பிராண்டைக் கலக்காதீர்கள், குப்பியில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள் என்பவை மட்டும் எல்லோருக்கும் பொது.

டேம்பர் மாற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, அதை மட்டும் கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: பிளக்கை உருவாமல் ஹெட்டின் பக்கம் கை வைக்கக் கூடாது. ஹெட்டுக்குப் போகும் தட்டையான கேபிளில் ஒரு சொட்டு மை இறங்கி, அந்த ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் ஹெட்டும் மெயின் போர்டும் சேர்ந்தே போகும். கழற்றும் முன் கேபிள்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போடுங்கள். எர்த்தையும் ஒரு தடவை பாருங்கள். ஃபிலிம் ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகும், அது இறங்க வழி வேண்டும். பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும், மண்ணுக்குள் கம்பியே போகாது. எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குமேல் காட்டினால் புதிதாக எர்த் போடச் சொல்லுங்கள்.

விடுமுறை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் முன்னால் இரவுபகலாக ஓட்டுவோம். விழா நாளில் அப்படியே போட்டுவிட்டுப் போவோம். இரண்டு மூன்று நாள் என்றால் கலக்கும் மோட்டார் ஓடட்டும், தினமும் ஒருவர் வந்து வெள்ளைப் பட்டை ஒன்று அடிக்கட்டும். ஒரு வாரம் என்றால் கேப்பின் குழியை நிரப்பி மூடுங்கள், முடிந்தால் வெள்ளைக் குழாய்களில் கிளீனிங் திரவத்தை ஏற்றிவிடுங்கள். அதற்குமேல் என்றால் வெள்ளையை முழுவதுமாக வடித்துவிடுவதுதான் சரி. வடித்த மையைத் தொட்டிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள், குளத்திலும் ஓடையிலும் ஊற்றாதீர்கள். மரத்தூளில் ஊற்றி இறுகவைத்து, உள்ளாட்சியில் கழிவைப் பிரித்து வாங்குபவர்களிடம் கேட்டுக் கொடுங்கள்.

மெக்கானிக் வர நான்கு நாள் என்பதால் இவற்றைக் கடையிலேயே ஒரு டப்பாவில் வைத்திருங்கள்: வெள்ளை டேம்பர் இரண்டு, கேப் ஒன்று, வைப்பர் ஒன்று, கிளீனிங் திரவம் ஒரு லிட்டர், துடைப்பான் குச்சிகள். தம்பி இன்று மாலையே கேப் சோதனையைச் செய்து பார்க்கட்டும். திரவம் பத்து நிமிடம் நின்றால், மோட்டாருக்குத் தனி மின்வழி போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். இறங்கிவிட்டால் முதலில் கேப்பை மாற்றுங்கள், பிறகு எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாம். இரண்டும் செய்த பிறகும் காலையில் வெள்ளை வரவில்லை என்றால், அடுத்தடுத்து அடித்த இரண்டு செக்கையும் கறுப்புத் துணியில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.